ஸ்டீல் ஸ்கேலும் தொடையின் பின்பக்கமும்: ஒரு யோகா மாணவரின் பதினாறு மாதங்கள்

மதுரையில் ஒரு மொட்டை மாடியில், காலை ஆறு மணிக்கு, எட்டுப் பத்துப் பேருக்கு யோகா சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வகுப்புக்கு வந்த ஒருவருக்கு நடந்ததை இங்கே முழுதாக எழுதுகிறேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். இதில் என் தவறும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் என்னைப் போலச் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு இதனால் பயன் இருக்காது.

வந்தபோது

வயது 43. பிளஸ் டூ மாணவர்களுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவர். காலையில் ஒரு பேட்ச், மாலையில் இரண்டு. நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தும் வேலை. சர்க்கரை இல்லை, பி.பி. இல்லை, முதுகுவலியும் இல்லை. அப்புறம் எதற்கு யோகா என்று கேட்டேன்.

"குனிஞ்சு தரையைத் தொட முடியல டீச்சர். என்கூடப் படிச்சவன் முழங்கால்ல நெத்தியை வச்சு போட்டோ போட்டிருக்கான்."

பொங்கல் முடிந்த வாரம் அது. "அழகர் ஆத்துல இறங்குறதுக்குள்ள தொட்டுடணும்" என்றார். மதுரைக்காரர்களுக்கு இதற்குமேல் தேதி சொல்ல வேண்டியதில்லை. சித்ரா பௌர்ணமிக்குச் சுமார் மூன்று மாதம் இருந்தது.

முதல் நாளே 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். முழங்காலை மடக்காமல் நின்று குனிந்தபோது விரல் நுனிக்கும் தரைக்கும் நடுவே 22 செ.மீ. இருந்தது. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு அதை எழுதிக்கொண்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அளக்கலாமா என்று கேட்டார். நானும் சரி என்றேன்.

முதல் ஆறு வாரம்

இரண்டாம் சனிக்கிழமை 18. மூன்றாவது 15. அப்புறம் 13. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும்தான்.

ஆனால் இந்த வேகமான குறைவு எங்கிருந்து வருகிறது என்பதை நான் அப்போதே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். புதிதாக நீட்டிப் பயிற்சி செய்கிறவர்களுக்கு முதல் சில வாரங்களில் கிடைக்கும் நெகிழ்வு பெரும்பாலும் தசை நீளமானதால் வருவதில்லை. இழுவையைத் தாங்கிக்கொள்ள நரம்பு மண்டலம் பழகிவிடுகிறது. முன்பு எந்த இடத்தில் "போதும், நிறுத்து" என்று உடம்பு சொன்னதோ, அந்த இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போக விடுகிறது, அவ்வளவுதான். தசையும், அதை எலும்போடு இணைக்கும் தசைநாணும் அந்தப் புதிய தூரத்துக்கு ஏற்றபடி வலுவாக மாதக்கணக்கில் ஆகும்.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. இடுப்பிலிருந்து மடங்குவதற்குப் பதிலாக அவர் முதுகை வளைத்து, தோள்களை முன்னால் தள்ளி, விரலைக் கீழே கொண்டுபோனார். எங்கே மடங்கினார், எது நீண்டது என்று ஸ்கேலுக்குத் தெரியாது. விரலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளிதான் அதற்குத் தெரியும். அந்த எண்ணும் முழுக்க அவர் கையில் இல்லை. கை நீளம், கால் நீளம், உடல் நீளம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்கு எளிதாகத் தரை தொடுவதும் இன்னொருவருக்குத் தொடாததும் பாதி எலும்பின் கணக்கு.

ஐந்தாம் வாரம் 12. ஆறாம் வாரமும் 12. அன்று அவர் நோட்டை மூடிய விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எதுவும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

காயம்

மார்ச் மாதத் தொடக்கம். பொதுத்தேர்வு நேரம் என்பதால் டியூஷன் இரவு ஒன்பதரை வரை போனது. அதற்குப் பிறகு வீட்டில், நாள் முழுக்க நாற்காலியில் இருந்து இறுகிப்போன உடம்போடு, எந்தத் தயாரிப்பும் இல்லாமல் குனிந்து குனிந்து எம்பியிருக்கிறார். நான்காம் நாள் இரவு இடது பக்கம், உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, சுரீரென்று இழுத்தது. மறுநாள் வகுப்புக்கு வந்தவரால் வண்டி சீட்டில் உட்கார முடியவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். என்னிடம் கேட்டது, "இதை நல்லா இழுத்துவிட்டா சரியாயிடுமா டீச்சர்?"

இந்தக் கேள்வி எல்லோருக்கும் வருவதுதான். பதில், இழுக்கவே கூடாது.

தொடையின் பின்பக்கம் மூன்று தசைகள் இருக்கின்றன. நம் ஊரில் "நரம்பு இழுக்குது" என்று சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான். இவை மேலே போய், நாம் உட்காரும்போது தரையில் அழுந்துகிற எலும்பில் தசைநாண் வழியாகச் சேர்கின்றன. இவருக்கு அடிபட்டது அந்தச் சேரும் இடத்தில். தசைக்கு வருகிற அளவு இரத்தம் தசைநாணுக்கு வருவதில்லை, அதனால் அது ஆறுவதும் மெதுவாகத்தான். முன்னால் குனியும்போது அந்தத் தசைநாண் இழுபடுவதோடு எலும்பின்மேல் அழுந்தவும் செய்கிறது. குனிந்து நீட்டினால் அந்த நேரத்துக்கு இதமாக இருப்பதுபோல் தோன்றும், மறுநாள் வலி கூடும். இதைத் தெரியாமலே பல மாதம் இழுத்து இழுத்துப் புண்ணாக்கிக்கொண்ட யோகா ஆசிரியர்களையே நான் பார்த்திருக்கிறேன்.

எலும்பு டாக்டர் பார்த்துவிட்டுக் கிழியவில்லை என்றார். பிசியோதெரபிஸ்ட் பல மாதம் ஆகும் என்றார். அந்தச் சித்திரைக்கு அழகர் ஆற்றில் இறங்கியபோது இவர் வீட்டில், தொடைக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டு, டி.வி.யில்தான் பார்த்தார்.

என் பங்கு

காயம் அவர் வீட்டில் நடந்தது. அதற்காக நான் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. அந்த ஆறு வாரமும் சனிக்கிழமை அவர் மாடி ஏறி வந்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி "எவ்வளவு சார்?" என்பதுதான். குறைந்தால் "சபாஷ்" என்றேன். குறையாத வாரம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிவதையும் முதுகை வளைப்பதையும் நான் பார்த்தேன். ஒன்றிரண்டு தடவை சொல்லவும் செய்தேன். ஆனால் எந்த ஆர்வத்தோடு எண்ணைக் கேட்டேனோ அந்த ஆர்வத்தோடு மூச்சைப் பற்றிக் கேட்கவில்லை. மாணவர் நாம் சொல்வதைவிட நாம் எதைப் பார்த்து மகிழ்கிறோம் என்பதைத்தான் பிடித்துக்கொள்கிறார்.

அவர் ஓய்வில் இருந்த வாரங்களில் நான் நிறையப் படித்தேன். என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது 2012இல் வெளியான ஓர் ஆய்வு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் அயலெட் ஃபிஷ்பாக், ஜின்ஹீ சோய் என்ற இன்னோர் ஆய்வாளரோடு சேர்ந்து செய்தது. உடற்பயிற்சிக் கூடத்துக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினரை, பயிற்சியால் எதை அடையப் போகிறோம் என்று நினைக்கச் சொன்னார்கள். மற்றவர்களைப் பயிற்சி செய்யும்போது எப்படி இருக்கிறது என்று கவனிக்கச் சொன்னார்கள். இலக்கை நினைத்தவர்கள் அதிக நேரம் செய்யப்போவதாகச் சொன்னார்கள், ஆனால் உண்மையில் குறைவாகவே செய்தார்கள். காகிதத்தை மடித்து உருவம் செய்வது, பல் இடுக்கை நூலால் சுத்தம் செய்வது, யோகா என்று வேறு வேலைகளிலும் இதே போக்கைப் பார்த்தார்கள். திட்டம் போடும்போது இலக்கு ஆசையைக் கூட்டுகிறது. செய்யும்போது அதே இலக்கு, செய்வதில் இருக்கிற சுகத்தைக் குறைத்துவிடுகிறது. தொடர வைப்பது அந்தச் சுகம்தான்.

என் மாணவர் விஷயத்தில் இன்னொரு படி மேலே போய்ச் சொல்வேன். விரல் நுனியிலும் தரையிலும் கண் இருந்ததால் தொடையின் மேல்முனையிலிருந்து வந்த சேதி அவருக்குக் கேட்கவில்லை. பிறகு விசாரித்தபோது தெரிந்தது, காயத்துக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே உட்காரும் எலும்புப் பக்கம் மந்தமான வலி இருந்திருக்கிறது. "அது பயிற்சி வலின்னு நினைச்சேன்" என்றார். யோகாவில் நம்மைக் காப்பாற்றுவது கவனம். அந்தக் கவனத்தைத்தான் இலக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

இதுபோன்ற காயத்துக்கு யோகாவின் வரலாற்றிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1930களில் மைசூரில் யோகா ஆசிரியர் டி. கிருஷ்ணமாச்சாரியார் இளம் மாணவர்களை வைத்துக் கடினமான ஆசனங்களைச் செய்துகாட்ட வைத்தார். அவரிடம் படித்தவரும் அவருடைய மைத்துனருமான பி.கே.எஸ். ஐயங்கார், ஒரு காலை முன்னும் மறு காலைப் பின்னும் நீட்டித் தரையில் அமரும், பழக்கமே இல்லாத ஹனுமானாசனத்தைக் கட்டளைக்குப் பணிந்து செய்யப்போய்த் தொடையின் பின்தசைகள் கிழிந்து, நெடுங்காலம் சரியாக நடக்க முடியாமல் இருந்ததைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1950களில் சென்னைக்கு வந்த பிறகு கிருஷ்ணமாச்சாரியார் சொல்லிக்கொடுத்த முறை வேறாக இருந்தது. வருகிறவரின் வயது, உடல்நிலை, வேலை எல்லாவற்றையும் பார்த்து ஆசனத்தை அவருக்கேற்ப மாற்றுவது, மூச்சின் நீளத்துக்கு ஏற்ப உடலை நகர்த்துவது, ஓர் ஆசனத்தில் நிலைத்து நிற்பதற்கு முன் பலமுறை அதற்குள் போய்த் திரும்பி வருவது. அவருடைய மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரம் என்ற யோகப் பள்ளி இந்த வழியில்தான் வளர்ந்தது. நான் கற்றதும் இந்த வழிதான். அப்படியிருந்தும் ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் கண்டதும் மறந்துவிட்டேன்.

என்ன மாற்றினோம்

முதலில் ஸ்கேலை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னேன். அவருக்கு இது பிடிக்கவில்லை. "அளக்காம எப்படி டீச்சர் முன்னேற்றம் தெரியும்?" கணக்கு வாத்தியார் கேட்கும் நியாயமான கேள்வி. எண்ணையே ஒதுக்கவில்லை என்று சொன்னேன். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனத்தில் 30 விநாடி, ஐந்து தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று பிசியோதெரபிஸ்ட் கொடுத்ததும் எண்தான். அது மருந்தின் அளவு போன்றது, எவ்வளவு செய்ய வேண்டும் என்று சொல்கிறது. ஸ்கேலின் எண் அவர் எப்படிப்பட்டவர் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டையும் பிரித்துவைப்பதுதான் வேலை என்று அவரும் நானும் பேசி ஒத்துக்கொண்டோம்.

மூன்று மாதம் முன்குனிவு எதுவும் கிடையாது. தசைநாண் தேற இழுவை வேண்டாம், அளவான பாரம் வேண்டும். அதனால் சேதுபந்தாசனம், அப்புறம் அதையே குதிகாலைக் கொஞ்சம் தள்ளிவைத்து, பிறகு குப்புறப் படுத்துக் காலைத் தூக்கும் சலபாசனம். மற்றபடி கைகளை மூச்சோடு தூக்கி இறக்குவது, படுத்தபடி மூச்சை வெளியே நீளமாக விடுவது. முதல் சில வாரம் அவருக்கு இதெல்லாம் கிழவர்கள் செய்கிற வேலையாகத் தெரிந்தது. அப்படியே சொல்லவும் செய்தார்.

இதோடு ஒரு சின்ன விஷயத்தைச் சேர்த்தேன். வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டும்போது அன்று உடம்பில் உணர்ந்த ஒன்றை என்னிடம் சொல்ல வேண்டும். எண் கூடாது. "நல்லா இருந்தது", "நல்லா இல்லை" என்பதும் கூடாது.

எட்டு வகுப்பு வரை "ஒண்ணுமில்ல டீச்சர்" என்றுதான் சொன்னார். நான் வற்புறுத்தவில்லை. ஒன்பதாம் வகுப்பில் பாயைச் சுருட்டிக்கொண்டே, "இடது குதிகால் வைக்கிற இடத்துல தரை சில்லுன்னு இருக்கு, வலது பக்கம் அப்படி இல்ல" என்றார். அந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும். இத்தனை நாள் அதே இடத்தில்தான் பாய் விரித்திருக்கிறார்.

அதற்குப் பிறகு வேகமாகத்தான் வந்தது. ஒருநாள், கையைத் தூக்கும்போது கடைசி ஓர் அங்குலத்தில் மூச்சு நின்றுவிடுகிறது என்று சொன்னார். இன்னொரு நாள், 30 விநாடி எண்ணும்போது இருபதுக்குமேல் அவசரமாக எண்ணுவதைக் கண்டுபிடித்தார். பல்லைக் கடிப்பது, புருவத்தைச் சுருக்குவது எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நான் ஆறு வாரம் சொல்லி ஏறாத விஷயங்கள் இவை.

பதஞ்சலியின் யோக சூத்திரங்களில் ஆசனத்துக்கென்று மூன்றே சூத்திரம்தான் இருக்கிறது, இரண்டாம் பாதத்தில், அதாவது இரண்டாம் அத்தியாயத்தில், 46 முதல் 48 வரை. ஆசனம் உறுதியாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்று முதலாவது சொல்கிறது. முயற்சியைத் தளர்த்துவதாலும் மனம் எல்லையற்றதில் ஒன்றுவதாலும் அது கூடும் என்று இரண்டாவது சொல்கிறது. முயற்சியைத் தளர்த்துவது என்றால் சும்மா இருப்பது என்று வெகுகாலம் தப்பாகப் புரிந்துவைத்திருந்தேன். இவர் புருவத்தைத் தளர்த்திய அன்று, கால்கள் அதே உறுதியோடு இருக்க, முகம் மட்டும் மாறியதைப் பார்த்தபோதுதான் அந்தச் சூத்திரம் எனக்கு விளங்கியது. தேவையில்லாத இடத்தில் செலவாகும் முயற்சி நின்றது. தேவையான இடத்தில் அது அப்படியே இருந்தது.

டியூஷனிலும் வீட்டிலும்

நான்காம் மாதம் வாக்கில் ஒருநாள் வகுப்பு முடிந்தும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார். டியூஷனில் நடந்ததைச் சொன்னார். கணக்கைப் போடாமல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வழி கட்டும் பையன்களை அவர் எப்போதும் திட்டுவார். அன்றும் ஒருவனைத் திட்டிக்கொண்டிருந்தபோது பாதியில் பேச்சு நின்றுவிட்டதாம். "நானும் அதைத்தானே டீச்சர் பண்ணிட்டு இருந்தேன். விடை தரையில இருக்கு, அதுக்கு ஏத்தாப்ல முதுகை வளைச்சேன்."

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் தொழிலிலிருந்து அவரே எடுத்தது.

வீட்டில் மகள் அந்த வருடம் பிளஸ் டூ. தினமும் இவர் கதவைத் திறந்ததும் கேட்பது, "டெஸ்ட்ல எத்தனை?" அதை மாற்றி, "இன்னைக்கு எந்தக் கணக்கு போட்ட?" என்று கேட்கத் தொடங்கினார். முதல் வாரம் மகள் சந்தேகமாகப் பார்த்திருக்கிறாள். இது மார்க்கைக் கேட்கிற புது வழியோ என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். கொஞ்ச நாள் போன பிறகு ஒரு மாலை, அவளே நோட்டை எடுத்துவந்து, தான் இரண்டு மணி நேரம் மல்லாடிய ஒரு தொகையிடல் கணக்கைக் காட்டினாளாம். விடை வரவில்லை. அப்பாவும் பெண்ணும் சாப்பாடு ஆறிப்போகும்வரை அதில் உட்கார்ந்திருந்தார்கள். மகளின் மார்க் பிறகு கூடியதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் பழைய "எவ்வளவு சார்?" திரும்பி வந்த மாதிரி ஆகியிருக்கும்.

ஆவணியில் ஒரு சறுக்கல்

எல்லாம் நேராகப் போகவில்லை. ஜூன் முடிவில், முழங்காலை நன்றாக மடக்கி, வயிறு தொடையில் படும்படி, மெல்லிய முன்குனிவைத் தொடங்கியிருந்தோம். ஆவணியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். யோகாவுக்குப் போகிறார் என்று தெரிந்த மச்சான் ஒருவர் மண்டபத்தில் எல்லோர் முன்னாலும், "எங்க மாப்ள, குனிஞ்சு தொடுங்க பாப்போம்" என்றிருக்கிறார். இவர் குனிந்தார். தரையைத் தொட்டும்விட்டார். மறுநாள் காலையிலிருந்து பழைய இடத்தில் பழைய வலி. மூன்று வாரம் பின்னால் போனோம்.

நான் கோபப்படவில்லை. நாலு பேர் பார்க்கும்போது தொட்டுக்காட்ட வேண்டும் என்ற துடிப்பு நாலு மாதத்தில் யாருக்கும் போய்விடாது. ஆனால் முதல் காயத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. இந்த முறை மறுநாளே வந்து, குனியும்போதே மூச்சு நின்றது தெரிந்தது, தெரிந்தும் போனேன் என்று சொன்னார். இழுத்துவிடட்டுமா என்று கேட்கவில்லை. நேராகச் சேதுபந்தாசனத்துக்குத் திரும்பினார்.

இப்போது

ஒருவரை மட்டும் பார்த்த ஆய்வு இது. தசைநாண் தேறியதற்கு முதற்காரணம் முறையாக ஏற்றிய பாரமும் காலமும்தான் என்று நினைக்கிறேன். அவசரம் குறைந்தது செய்த வேலை, அந்தப் பாரத்தை மாதக்கணக்கில் சலிக்காமல் செய்ய அவரைப் பாயில் வைத்திருந்தது. தரையைத் தொட்டே ஆக வேண்டும் என்று வந்த என் மற்ற மாணவர்கள் பலர் மூன்றாம் மாதம் நின்றுவிட்டார்கள். முன்குனிவே இல்லாத மூன்று மாதத்திலும் இவர் நிற்கவில்லை.

புதிதாக வருகிறவர்களிடம் நான் இப்போது முதல் மாதம் எதையும் அளப்பதில்லை. மருத்துவர் கொடுத்த அளவு இருந்தால் அதை மட்டும் எழுதிவைக்கிறேன். எதற்காக வந்தீர்கள் என்று கேட்பதை விடவில்லை. அது இல்லாமல் யாரும் காலை ஐந்தரைக்கு எழுந்து வரமாட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வியை முதல் நாளோடு முடித்துக்கொள்கிறேன். மறுநாளிலிருந்து பாயைச் சுருட்டும்போது ஒரு சேதி, எல்லோருக்கும்.

இரண்டாவது சித்திரையும் வந்து போய்விட்டது. மகள் தேர்வு எழுதி முடித்துவிட்டாள். இவர் இந்த முறை விடியற்காலையில் வைகைக் கரைக்குப் போய், கூட்டத்தில் மூன்று மணி நேரம் நின்று அழகரைப் பார்த்துவிட்டு வந்தார். நீண்ட பஸ் பயணத்தில் மட்டும் இடது பக்கம் இன்னும் கொஞ்சம் பிடிக்கிறது. வழியில் பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் இறங்கி நான்கு எட்டு நடந்துவிட்டு ஏறுகிறார். முன்குனிவு இன்னும் முழங்காலை லேசாக மடக்கித்தான். அடுத்து ஒற்றைக் காலில் நின்று பாரம் ஏற்றும் பயிற்சியைத் தொடங்கலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருக்கிறார்.

அந்த நாற்பது பக்க நோட்டைப் போன வாரம் கொண்டுவந்தார். முதல் பக்கத்தில் ஆறு எண்கள், 22இலிருந்து 12 வரை. அதற்கு அடுத்த பக்கங்கள் முழுக்க ஒரு நாளைக்கு ஒரு வரி. கடைசியாக எழுதியிருந்தது: "நேத்து ராத்திரி மழை. மாடி ஈரம். தொட்டி ஓரம் இடம் மாத்திப் போட்டேன். மூச்சு விடும்போது இடது தொடை தானா இறங்குச்சு."